கெரபாடா தொகுதியின் மை

கெரபாடா நகரத் தொகுதியில் ஓட்டுப் போட்டவரின் சுண்டுவிரலில் வைக்கிற மை, அவர் அது அழிவதற்குள் ஓர் ஆளைக் கொன்றுவிட்டால் விரலோடு நிற்காது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை ரேகைகளுக்குள்ளே ஓடி மணிக்கட்டைத் தாண்டி, அங்கிருந்து முழங்கை வரை கறுத்துவிடும். இரண்டு பேரைக் கொன்றவருக்குத் தோள் வரை. சோப்பு, மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், கடல் மணல், எதற்கும் போகாது. இது முதலில் தெரிந்தது மூன்றாவது பொதுத்தேர்தலில். அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களில் மை ஏறவில்லையா, அல்லது யாரும் யாரையும் கொல்லவில்லையா என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான். முதல் தேர்தலில் வேட்பாளர்கள் நான்கு பேரும் ஒரே லாரியில் ஏறிப் பிரசாரம் செய்தார்கள். தோற்றவர்களில் ஒருவர் ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு ஜெயித்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். இரண்டாவதில் ஜெயித்தவர் வீட்டுக் கண்ணாடி ஜன்னல்கள் உடைந்தன. அவ்வளவுதான்.

மூன்றாவதில், மலைச்சரிவுக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெட்டியின் முத்திரை பிய்ந்திருந்தது. கடற்கரைக்காரர்கள் அதை எண்ணக் கூடாது என்றார்கள், மலைக்காரர்கள் அதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஹிதோலோ கடற்கரை வேட்பாளரின் முகவராக எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். கல் பறக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் மேசைக்கு அடியில் போனார்கள். அவன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். யாரோ பின்மண்டையில் இரும்புக் குழாயால் அடித்தார்கள். அவன் உடலை ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவன் மனைவி கோனியோ கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் பெயர் இகோ. அவள் பாலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குழந்தை அழும், அழுதால் தானும் அழ வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றியதாகப் பின்னாளில் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அப்பம் வாங்கக் கை நீட்டிய, போதகருக்குத் துணையான டீக்கனின் சட்டைக் கை சற்று மேலே நழுவியது. முழங்கை வரை கறுப்பு. அவரும் கடற்கரைக்காரர்தான்; பெட்டிக்காக அல்ல, பழைய படகுத் தகராறு ஒன்றுக்காக அந்தக் கூட்டத்தில் சமயம் பார்த்து அடித்திருந்தார். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள், அவரும் பார்த்தார், போதகர் அப்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். டீக்கன் வீடு கடலுக்குமேல் மரக்கால்களில் நின்றது. செவ்வாய்க்கிழமை ஹிதோலோவின் உறவுக்காரர்கள் நான்கு பேர் படகில் போய் அந்தக் கால்களை அறுத்தார்கள். வீடும் டீக்கனும் கடலுக்குள் போனார்கள். நான்கு பேரின் கையிலும் மை மணிக்கட்டு வரைக்கும்தான் ஏறியது. ஒரு சாவை நான்காகப் பங்கிட்டால் அவ்வளவுதான் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தேர்தல் அலுவலகம் மையை மாற்றியது. வேறு நாட்டுச் சரக்கு வரவழைத்தது. அதே புட்டி மை பக்கத்துத் தொகுதியில் ஒழுங்காக விரலிலேயே நின்றது. கெரபாடாவில் மட்டும் ஏறியது. கடைசியில் அதிகாரிகள் இதை உள்ளூர்ச் சூழல் என்று எழுதி மூடிவிட்டார்கள். சீனர் கடையில் முழுக்கைச் சட்டை ஆறு கினாவிலிருந்து பதினொன்றுக்குப் போனது. வேகும் வெயிலில் கை மூடிய சட்டை போட்டவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான்காவது தேர்தல் முழுக்கைச் சட்டைகளின் தேர்தல். ஐந்தாவதில் ஒரு வேட்பாளர் மேடையிலேயே சட்டைக் கையைச் சுருட்டித் தோள்வரை காட்டினார். "பாத்துக்கோங்க. மத்தவன் செய்வேன்னு சொல்லுவான். நான் செஞ்சுட்டு வந்து நிக்கறேன்" என்றார். அதுவரை எங்கள் தொகுதி பார்த்திராத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆறாவதில் நின்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் கையில்லாத பனியனோடு வந்தார்கள். ஒன்பதாவது ஆள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விரலைத் தவிர வேறெங்கும் கறையில்லாதவர். அவர் தெருவில் போனால் பையன்கள், "சார், கையக் கழுவிட்டீங்களா?" என்று கத்தினார்கள். அவர் மனைவியாவது அவருக்கு ஓட்டுப் போட்டாரா என்பதில் இன்றும் ஊரில் சந்தேகம் உண்டு.

வேட்பாளர்கள் மாதக்கணக்கில் ஆட்களை வைத்துச் சோறு போடும் பிரசாரக் கொட்டகைகளிலும் கையைப் பார்த்துத்தான் இடம். கறுத்த கைக்கு இறைச்சி, மெத்தை, லாரியின் முன்பக்கம். வெறும் கைக்கு விறகு பிளக்கிற வேலை. ஆகவே பையன்கள் சாயம் பூசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கருக்கிய தேங்காய் மட்டை, அலையாத்தி மரப்பட்டைச் சாறு, பழைய பேட்டரிக் கரி, மூன்றையும் காய்ச்சிப் பூசினால் வியர்வை அதிகம் படாதவரை இரண்டு வாரம் தாங்கும். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தண்ணீரில்தான் தெரியும். பூசிய பையன்கள் குளிப்பதை நிறுத்தினார்கள். அசல் கைக்காரர்களும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டம் பெரிதாகத் தெரிவது எல்லோருக்கும் நல்லதுதானே.

இத்தனைக்கும் நடுவில் கோனியோ சந்தையில் புகைபோட்ட மீன் விற்று இகோவை வளர்த்தாள். அவளுக்கு ஒரே கணக்கு: புருஷன் போனான், பிள்ளை இருக்க வேண்டும். அவன் அடிபடவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அவள் கடைக்குப் பக்கத்தில் மலைக் குடியிருப்பைச் சேர்ந்த யாண்டே சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் விற்றாள். அவளுக்கும் ஒரு மகன், சியூனே. இரண்டு பெண்களும் பதினைந்து வருடம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தல் வருடங்களில் மட்டும் நடுவில் ஒரு கூடையை வைத்துக்கொள்வார்கள், பார்க்கிறவர்களுக்காக.

"என்னடி, காலங்காத்தால மகன் கையத் தேச்சுப் பாத்துட்டுத்தான் மீனுக்கே நெருப்பு வைப்பியாமே?" என்பாள் யாண்டே.

"நீ பாக்க மாட்டியா உன் மகன் கைய?"

"பாக்கறதென்ன, மோந்தே பாப்பேன். டின்மீன் வாசம் அடிச்சா எங்க வேட்பாளர் கெரேங்கா கொட்டகை. ஆட்டுக்கொழுப்பு வாசம் அடிச்சா அவன் எதிராளி கொட்டகை. ரெண்டும் அடிச்சா என் மகன் கெட்டிக்காரன்."

ஏழாவது தேர்தலில் இகோவுக்கு ஓட்டு வந்தது. கோனியோ போடக் கூடாது என்றாள். மை வைக்காத விரலில் எது ஏறும்? மை இல்லாத பையனை எவன் சந்தேகப்படுவான்?

"எல்லாப் பசங்களும் விரலக் காட்டிட்டுத் திரியறானுங்கம்மா. நான் மட்டும் சின்னப்புள்ள மாதிரி நிக்கணுமா?"

"சின்னப்புள்ளயாவே இரு. எனக்கு அது போதும்."

அவன் திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டான். அவள் மட்டும் போய்க் கொழுந்தனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அந்த முறை ஹிதோலோவின் தம்பி வாகி நின்றிருந்தான். கப்பல் கம்பெனி குமாஸ்தா, தேவாலயப் பாட்டுக்குழுவில் முதல் குரல். எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். கறுத்த கைகளைப் பார்த்துச் சலித்துப்போன ஜனங்கள் அவனை வெள்ளைச் சட்டை என்றே கூப்பிட்டார்கள். எதிரே மலைக்காரர்களின் கெரேங்கா, தோள்வரை கறுப்பு.

ஓட்டுப்பதிவு பேட்டை பேட்டையாக இரண்டு வாரம் நடந்தது. கடற்கரை முதலில், மலை கடைசியில். மலைக் குடியிருப்பின் பெட்டிகள் ஏறிய லாரியைக் குப்பைமேட்டு வளைவில் யாரோ மறித்தார்கள். லாரி ஓட்டியவன் குதித்து ஓடினான். காவலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சியூனே ஓடவில்லை. கழுத்திலும் வயிற்றிலும் வெட்டு. பெட்டிகள் தீயில் கிடந்தன. இருட்டவில்லை, நல்ல பகல்தான். ஆனாலும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள் வாகி ஒரு மூட்டை அரிசியோடு கோனியோ வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, ஊரு சரியில்ல. பையன எங்கூட விடுங்க. எண்ணி முடியற வரைக்கும் என் கொட்டகைலயே இருக்கட்டும். என்னத் தாண்டி எவன் அவன் மேல கை வைப்பான்?"

தொகுதி முழுவதும் கறுத்த கைகள். ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. கோனியோ யோசித்துப் பார்த்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அந்தச் சட்டைக்குப் பின்னால்தான் பிள்ளையை நிறுத்தியிருப்பார்கள். இகோவுக்கு இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் சுருட்டிக் கொடுத்தாள்.

கொட்டகையில் நடந்ததை அங்கிருந்த பையன்கள் பிற்பாடு சொன்னார்கள். வாகி தானே சாயச் சட்டியைக் கொண்டுவந்து, தன் கையாலேயே பையனுக்குப் பூசிவிட்டானாம். "சும்மா பாவ்லாதான்டா. கறுத்த கையப் பாத்தா எவனும் கிட்ட வரமாட்டான். எண்ணி முடிஞ்சதும் கழுவிக்கலாம்" என்றானாம். இகோவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக லாரியின் முன்பக்கம் இடம் கிடைத்தது. வாகி ஒலிபெருக்கியில் பேசும்போதெல்லாம் பையன் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். மலைக்காரர்கள் வழியில் நின்று அந்தக் கையைப் பார்த்தார்கள்.

கோனியோ அதைச் சந்தையிலிருந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு லாரிக்குப் பின்னால் ஓடினாள். லாரி நிற்கவில்லை. கொட்டகை வாசலில், "வேட்பாளர் தூங்கறார், அப்புறம் வாங்க" என்றார்கள். அவள் திரும்பி மலைமேல் ஏறினாள். அந்த நாட்களில் கடற்கரைப் பெண் ஒருத்தி தனியாக அந்தச் சரிவில் ஏறுவது நடக்காத காரியம். வழியில் கத்தியோடு நின்றவர்களும் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள். சியூனேயின் இழவு வீட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, உடம்பெல்லாம் சேறு பூசி யாண்டே உட்கார்ந்திருந்தாள். கோனியோ அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அது சாயம், யாண்டே. என் பையன் ஓட்டே போடல. சுண்டுவிரல்ல மையே இல்லாதவனுக்கு எங்கேர்ந்து ஏறும்?"

"எனக்குத் தெரியும்டி. நீ அவன விட்ருக்க மாட்ட. ஆனா என் தம்பிங்க கையத்தான் பாப்பாங்க. விரலத் தேடிப் பாக்கற நெலமைல யாரு இருக்கா?"

"நீ சொல்லு அவங்ககிட்ட."

"சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். வெட்டினவனின் அம்மா வேறென்ன சொல்வாள் என்று சிரித்தார்கள். மறுநாள் மத்தியானம் இகோ கொட்டகைக்கு ஐஸ்கட்டி வாங்க பெட்ரோல் நிலையத்துக்குப் போனான். முன்பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன், தனியாக நடந்து போனான். மூன்று பேர் வந்தார்கள். கறுத்த கையைத்தான் முதலில் வெட்டினார்கள். அப்புறம் மற்றதை. ஐஸ் உருகிப் பெட்ரோல் நிலையத்தின் வாசலில் ஓடியது. அது காய்வதற்குள் மூன்று பேர் கையிலும் மை ஏறத் தொடங்கியிருந்தது. அவர்கள் மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும், சரியான ஆளை வெட்டியதாகத்தானே நினைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வாகி ஜெயித்ததாக அறிவித்தார்கள். எரிந்த பெட்டிகளை எண்ண முடியாதல்லவா. இகோவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது புதிய உறுப்பினரும் வந்தார், வெள்ளைச் சட்டைக்குமேல் கோட்டு, பின்னால் பத்திரிகைக்காரர் இருவர். கடற்கரையில் ஒரு வழக்கம்: இறந்தவன் கைகளை அவன் தகப்பன் கழுவ வேண்டும், தகப்பன் இல்லையென்றால் தகப்பனுடைய தம்பி. வேறு யாரும் தொடக் கூடாது. பெண்கள் மற்ற உடம்பை எல்லாம் கழுவி முடித்து, வெட்டுப்பட்ட கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, ஓர் அலுமினியத் தொட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள்.

"தம்பி, உங்க அண்ணன் இல்ல. நீங்கதான் செய்யணும்" என்றாள் கோனியோ. அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. முறை என்பதால் சொன்னாள்.

"செய்யறேன் அண்ணி. ஒரு துணி நனைச்சுக் குடுங்க, தொடச்சு விட்ருறேன்."

"துணியால தொடைக்கறது மேசைய. சட்டைய மடிச்சு விடுங்க."

"கோட்டு நனையும்..."

"கழட்டுங்க."

தார்ப்பாய்க்குக் கீழே நூறு பேர் இருந்தார்கள். முடியாது என்று சொல்ல வாகிக்கு வழி இல்லை. கோட்டைக் கழற்றினான். இடது கைப் பொத்தானை மட்டும் அவிழ்த்து, இடது கையால் பையனின் கையைத் தொட்டிக்குள் வைத்துக் கழுவப் பார்த்தான். வெட்டுப்பட்ட கை நழுவியது. பிடிக்க வலது கையும் வேண்டியிருந்தது. சட்டையோடு தண்ணீருக்குள் விட்டான். வெள்ளைத் துணி நனைந்து தோலோடு ஒட்டியது. கோனியோ குனிந்து அந்தத் துணியை முழங்கைக்குமேல் தள்ளிவிட்டாள்.

ஒரே தொட்டியில் இரண்டு கைகள் இருந்தன. இகோவின் கையிலிருந்து சாயம் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் கலந்தது. தண்ணீர் கறுக்கக் கறுக்க அவன் கை வெளுத்தது. அவன் பிறந்த நிறத்துக்கு வந்தது, சுண்டுவிரல் நுனி வரைக்கும். வாகியின் கையும் முழங்கை வரை கறுப்பு; அதிலிருந்து ஒன்றும் பிரியவில்லை. பத்திரிகைக்காரர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான், ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணி, கேளுங்க. நான் அவன அனுப்பல. பையன்மேல ஒரு கண்ணு போனா, என்மேல..." என்று வாகி ஆரம்பித்தான்.

வாழையிலை நறுக்க வைத்திருந்த கத்தி கோனியோவின் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. மீன்காரி கை. ஒரே வீச்சு. புதிய உறுப்பினர் தன் அண்ணன் மகனின் நெஞ்சின்மேல் சாய்ந்தார். அவர் பதவி வகித்தது இரண்டே நாள். எங்கள் தொகுதி வரலாற்றில் அதுதான் மிகக் குறைந்த பதவிக்காலம்.

அவள் தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்து தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். வாகிக்கு ஓட்டுப் போட்டபோது வைத்த மைதான். அது விரலை விட்டுக் கிளம்பி, உள்ளங்கை ரேகைகளை நிரப்பி, மணிக்கட்டு நரம்பின் வழியாக, அடுப்பில் வைத்த பால் பொங்குகிற வேகத்தில் மேலே வந்தது. வலிக்கவில்லை. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. முழங்கையில் நின்றது. போலீஸ் சார்ஜெண்ட் வந்தார், இரண்டு பிணங்களைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், தன் சட்டைக் கைப் பொத்தானை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, தேர்தல் காலம் முடியட்டும், விசாரிப்போம் என்று போய்விட்டார்.

பெரியவர்களுக்குத்தான் குழப்பம். கொன்றவர் வீட்டார் செத்தவர் வீட்டாருக்குப் பன்றியும் பணமும் கொடுத்து வயிற்றைக் குளிரவைப்பது வழக்கம். இங்கே இரண்டும் ஒரே வீடு. ஒரே தொழுவத்திலிருந்து பன்றியை அவிழ்த்து அதே தொழுவத்தில் கட்டுவதா? பேசிப் பேசி அலுத்து, அந்தப் பன்றிகளை அறுத்து இரண்டு சாவுக்கும் ஒரே சமையலாகப் போட்டார்கள். வாகியின் மனைவி தார்ப்பாயின் அந்த ஓரம், கோனியோ இந்த ஓரம். மூன்றாம் நாள் யாண்டே ஒரு மூட்டைக் கிழங்கோடு மலையிறங்கி வந்தாள். இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"என் தம்பிங்க உன் பையன வெட்டினாங்க. தப்பான ஆள வெட்டிட்டாங்க. சரியான ஆள நீ வெட்டிட்ட. இப்ப யாரு யாருக்கு என்ன குடுக்கணும்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஒண்ணும் குடுக்க வேணாம். உக்காரு. சாப்டியா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடு மொதல்ல."

நடுவில் கூடை இல்லாமல் உட்கார்ந்தார்கள்.

இடைத்தேர்தல் வந்தது. புதிய முறை: ஒருவருக்கு மட்டும் குத்தாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுகளை அடுத்த எண்ணுக்குப் பிரிப்பார்கள். சந்தைப் பெண்கள் கோனியோவின் பெயரைக் கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொட்டகை இல்லை, லாரி இல்லை. யாண்டே மலைச்சரிவில் வீடு வீடாகப் போய், "ஒண்ணு உங்க ஆம்பள யாரச் சொல்றானோ அவனுக்கே போடுங்க. ரெண்டு அவளுக்கு. ரெண்டுக்கு எவன் சண்ட போடப் போறான்?" என்றாள். சண்டை எல்லாம் ஒன்றுக்குத்தான் நடந்தது. அதில் ஆறு பேர் செத்தார்கள். எண்ணிக்கை மூன்று வாரம் இழுத்தது. ஒவ்வொரு கறுத்த கையாக நீக்க நீக்க, அவர்களுடைய இரண்டுகள் எல்லாம் ஓடைத் தண்ணீர் மாதிரி ஒரே பக்கம் வந்து சேர்ந்தன. கெரேங்கா கடைசி நாளில் தோற்றார். தொகுதியின் முதல் பெண் உறுப்பினர் என்று வானொலி சொன்னது. பேசச் சொன்னார்கள். "எனக்குப் போட்டவங்களுக்கு நன்றி. போடாதவங்க கையத் தூக்குங்க, பாக்கறேன்" என்றாள். சிரிப்பதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மன்றத்துக்கு அவள் அரைக்கை ரவிக்கையில்தான் போனாள். வாக்கெடுப்பில் அவள் கை தூக்கினால் அவைத்தலைவர் இரண்டு முறை எண்ணுவதில்லை. சாலை கேட்டாள், தண்ணீர்க் குழாய் கேட்டாள், கொஞ்சம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் விடாமல் கேட்டது ஒன்றுதான்: எங்கள் தொகுதியில் மை வேண்டாம், பாக்கோடு மெல்லும் சுண்ணாம்பை விரலில் வையுங்கள். தேர்தல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அவளைப் பார்க்க வந்தார், நல்ல படித்த இளைஞர்.

"அம்மா, மை இருக்கறதாலதான் கொன்னவன் யாருன்னு தெரியுது. சுண்ணாம்பு வெச்சா அவன் தப்பிச்சிருவானே?"

"தப்பிக்கட்டும் தம்பி. செய்யாதவன் வீட்டுக்கு வந்து சேந்தாப் போதும்."

அவருக்கு அது விதிகளுக்குள் எங்கே வரும் என்று தெரியவில்லை. ஆனால் கறுத்த விரல்கள் பெருகிவிட்டதால் புதிய மை வைத்தால் தெரியவில்லை என்ற காரணத்தைக் காட்டி, அடுத்த பொதுத்தேர்தலுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தத் தேர்தலிலும் ஆட்கள் செத்தார்கள், முன்னைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் கொன்றது என்று தெரியவில்லை. தெரியாததால் பழிக்குப் பழி என்று எங்கே போவது என்றும் தெரியவில்லை. சில கத்திகள் திரும்ப வீட்டுக்குப் போயின. சில போகவில்லை. கோனியோ அந்தத் தேர்தலில் தோற்றாள். மறுவாரமே சந்தையில் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மீனுக்கு இப்போதும் கூட்டம் உண்டு. பேரம் பேச மட்டும் ஆள் குறைவு.

கெரபாடாவில் இப்போது சுண்ணாம்புதான். அது ஏறுவதில்லை. இரண்டு நாளில் உதிர்ந்துவிடுகிறது. அதனால் சிலர் இரண்டு முறை ஓட்டுப் போடுகிறார்கள். எண்ணும்போது ஆட்களைவிட ஓட்டு அதிகமாக வருகிறது. அதிகாரிகள் அதையும் சேர்த்தே கூட்டிக்கொள்கிறார்கள்.